வெள்ளி, செவ்வாய்

அறக்கட்டளை என்னை அனுப்பியது
பதினோரு பக்கப் படிவத்தோடு.
புடுவில், டயர்க்கடைக்கு மேல்மாடியில் சபை:
நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு,
கல்யாண வீட்டுக்கு ஆகிற அளவில் ஓர் அடுப்பு.

பயனாளிகள் எத்தனை பேர் என்றேன்.
பொருளாளர் அருமைராஜ்
எச்சில் தொட்டு நோட்டைப் புரட்டினார்.
"பொட்டலம் நூற்றுப் பன்னிரண்டு. ஆள் கணக்கு இல்லீங்க.
சிலபேர் ரெண்டு எடுப்பாங்க. ஏன்னு கேக்கிறதில்ல."
எழுதிக்கொண்டேன்: ஆவணம், பலவீனம்.

நீண்டகால விளைவு?
அவர் யோசித்தார். கீழே யாரோ நட்டு முடுக்கும் சத்தம்.
"திரும்ப வருவாங்க. வரலைன்னா தேடுவோம்."

ரசீதுகளில் பாதி மங்கிவிட்டது.
கோழி வாங்கிய தாள் வெற்றுத்தாளாய் இருந்தது;
மூக்கருகே வைத்தால் மட்டும் சந்தை மணந்தது.
மாதம் நாற்பது வெள்ளி 'இதரம்', இது என்ன?
சமையல் பார்க்கும் ஜெபசீலி
ஏப்ரனில் கை துடைத்தபடி உள்ளே போய்
ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார்.
டின் நிறைய அடையாள அட்டைகள்,
பிறந்த ஆண்டு வாரியாக ரப்பர் வளையம் போட்டு.
படுக்கிற இடத்தில் முதலில் திருடு போவது அதுதானாம்.
நாற்பது வெள்ளி,
டின்னுக்கு வருமுன்பே தொலைத்துவிட்டவர்களுக்கு:
படம், பஸ், அபராதத்தில் ஒரு பங்கு.
ஆறு அட்டைகளைக் கேட்டு இரண்டு வருடமாய் ஆள் வரவில்லை.
ஒப்படைத்துவிடலாமே என்றேன்.
ஜெபசீலி மூடியை அழுத்தி மூடினார்.
பதில் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இரவு அவர்களோடு நடந்தேன்.
ஜாலான் சிலாங் ஐந்தடியில் எங்களுக்கு முன்பே
ஒரு கோயில் குழு, ஒரு பள்ளிவாசல் குழு,
ஒரே நிறச் சட்டையில் ஒரு வங்கி.
பொட்டலத்தைப் பிரித்தவர்கள்
கோழியை மட்டும் எடுத்தார்கள். சோறு
தூணடியில், பூனைகள் தின்றும் மிஞ்சிக் கிடந்தது.
ஆ கியோங் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.
முன்பு லோரி ஓட்டிய பரசுராமன்
தன் பங்கைத் திருப்பிக் கொடுத்தார்.
"தங்கச்சி, இந்த ஊர்ல காசும் வெள்ளி, கிழமையும் வெள்ளி.
ரெண்டும் சேந்து ஒரே நாள்ல வந்து கொட்டுது.
செவ்வாய்க்கு வந்து பாருங்க.
வெறும் வாய்."

நாளை மாற்றுங்கள் என்றேன் பாஸ்டர் மனாசேயிடம்.
வெள்ளி இரவென்றால் பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளி இல்லை.
வேன் அருமைராஜின் மச்சானுடையது,
செவ்வாயன்று அது மீன் ஏற்றும்.
நல்ல காரணங்கள்தான்.
எல்லாமே கரண்டி பிடித்தவர்களின் காரணங்கள்.
அதையும் எழுதினேன், கொஞ்சம் காரமாகவே.

கடைசிக் கட்டம்: ஐந்துக்கு எத்தனை?
மூன்று போட்டேன்.
டின்னை நினைத்து நான்காக்கினேன்.
தூணடிச் சோற்றை நினைத்து மறுபடி அடித்தேன்.
பேனா தாளைக் கிழித்துப் பத்தாம் பக்கத்தில் இறங்கியது.

செவ்வாய் இரவு ஒன்பதரைக்கு
யாரும் அனுப்பாமல் போனேன்.
மழை விட்டிருந்தது. ஐந்தடியின் நீளத்துக்கு
ஈரம் ஊறிய அட்டைப்பெட்டிகள்.
கழுவிவிட்டதுபோல் சுத்தமாய் இருந்தது தூணடி.
பூனை ஒன்று என் செருப்பை முகர்ந்துவிட்டுப் போனது.

பரசுராமன் எழுந்து உட்கார்ந்தார்.
என் பையைப் பார்த்தார்: குடை, சாவிக்கொத்து,
பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்.
சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு,
காலையில் வீட்டுக்கு வந்தவரைக் கேட்பதுபோல்,
"பசியாறியாச்சா?" என்றார்.

ஆச்சு என்றேன்.
உண்மைதான். ஏழு மணிக்கே.